முதல் நாள் ரீடிங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள்: ஸ்பிளைசிங்கா, ஃபாஸ்ட் கனெக்டரா?

ஃபைபர் வீட்டு இணைப்பில் பிக்டெயிலை (ஒரு முனையில் கனெக்டர் பொருத்தியே வரும் சிறு ஃபைபர்) ஸ்பிளைசிங் செய்து, அதாவது மெஷினில் உருக்கி ஒட்டிப் போடுவதா, கையாலேயே பொருத்தும் ஃபாஸ்ட் கனெக்டரை மாட்டிவிட்டு இறங்குவதா? இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ராமநாதபுரம் பக்கம் கேபிள் டிவியையும் இணையத்தையும் ஒரே ஃபைபரில் கொடுக்கும் எங்கள் லைனில் பல ஆண்டுகளாக இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். நிரந்தர இணைப்பு என்றால் ஸ்பிளைசிங்தான்.

இதற்குக் காரணமாகப் பலரும் லாஸ் கணக்கை, அதாவது இணைப்பில் எவ்வளவு ஒளி இழக்கிறோம் என்பதைச் சொல்வார்கள். நல்ல ஸ்பிளைசில் 0.05 டெசிபல்கூடப் போகாது. ஃபாஸ்ட் கனெக்டரில் 0.3 முதல் 0.5 வரை போகும். உண்மைதான். ஆனால் ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) பி பிளஸ் வகையில் மொத்தம் 28 டெசிபல் வரை இழக்க இடமிருக்கிறது. அதில் 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் மட்டுமே சுமார் 17 டெசிபலை எடுத்துக்கொள்கிறது. அரை டெசிபலால் யாருடைய இணையமும் நின்றுவிடாது. பொருத்திய அன்று பவர் மீட்டரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டு மூன்று கோடை போக வேண்டும்.

பெரும்பாலான ஃபாஸ்ட் கனெக்டர்களுக்குள் தொழிற்சாலையிலேயே பாலிஷ் செய்த சிறு துண்டு ஃபைபர் இருக்கிறது. நாம் வெட்டிய முனை அதன் பின்பக்கம் போய் முட்டி நிற்கும். இடைவெளியை ஜெல் நிரப்பும். வெட்டு கோணலாக இருந்தாலும் ஜெல் அதை மறைத்துவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஸ்பிளைசிங் மெஷின் அப்படி விடாது. இரண்டு முனைகளையும் திரையில் பெரிதாக்கிக் காட்டும்; கோணம் அதிகமானாலோ தூசி ஒட்டியிருந்தாலோ வேலையை நிறுத்தி, மறுபடி வெட்டச் சொல்லும். என்னைப் பொறுத்தவரை அந்த மெஷினுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இந்தக் கண்டிப்புக்குத்தான்.

மேற்குச் சுவரில் பெட்டி வைத்திருந்த ஒரு வீட்டில் தினமும் பிற்பகலில் மட்டும் இணையம் அறுந்தது. காலையில் மீட்டர் மைனஸ் 21 டிபிஎம் காட்டியது (மைனஸுக்குப் பின் எண் பெரிதானால் வந்து சேரும் ஒளி குறைவு). வெயில் ஏறியதும் மைனஸ் 27-ஐத் தொட்டது. கனெக்டருக்குப் பின்னால் கேபிளை விரலால் லேசாக உள்ளே தள்ளினால் ரீடிங் ஏறும், விட்டால் இறங்கும். வெயிலில் டிராப் கேபிளின் (லைனிலிருந்து வீட்டுக்கு வரும் கேபிள்) உறை நீண்டு சுருங்கும்போது உள்ளிருக்கும் ஃபைபர் நூலிழை பின்வாங்குகிறது. கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு பிக்டெயிலை ஸ்பிளைஸ் செய்தோம். அதற்குப் பிறகு எந்த நேரத்தில் பார்த்தாலும் ரீடிங் அசையவில்லை. 1550 நானோமீட்டரில் டிவி சிக்னலும் அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. இடைவெளி விழுந்த கனெக்டரில் ஒளி எதிரொளித்துத் திரும்பும்; இணையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் கட்டம் கட்டமாக உடையும்.

ஒரு கனெக்டரின் விலை மிகக் குறைவு. ஆனால் அதற்காக ஆளும் பெட்ரோலும் மறுபடி ஒரு நடை போனால், அந்த வாடிக்கையாளரிடம் வந்த லாபம் அதோடு சரி.

ஸ்பிளைசிங்கிலும் சிரமம் இல்லாமல் இல்லை. ஆடிக் காற்றில் ஏணி மேல் நின்று செய்யவே முடியாது. கேபிளைக் கீழே இறக்கி மேசையில் வைத்துச் செய்யும் அளவுக்கு மிச்சம் விட்டிருக்க வேண்டும். மெஷினில் ஃபைபரை உருக்கும் பொறியைத் தரும் எலக்ட்ரோடு தேயும், ஃபைபரை வைக்கும் வி பள்ளத்தில் மணல் துகள் உட்காரும். ஒட்டிய இடத்தைக் காக்கும் ஸ்லீவை முதலிலேயே நுழைத்துக்கொள்ளாவிட்டால் ஒட்டியதை வெட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். திரையில் வரும் 0.01 என்ற எண்ணும் படத்தைப் பார்த்து மெஷின் போடும் மதிப்பீடுதான். மீட்டரை வைத்து அளந்தால்தான் நிச்சயம்.

ஃபாஸ்ட் கனெக்டரை நான் ஒதுக்கிவிடவில்லை. இரவில் லாரி இழுத்து அறுந்த லைனுக்கும், திருவிழாவுக்குப் போடும் கேமரா லைனுக்கும் அதைவிட வசதியானது இல்லை. அறுந்த லைனை மறுநாள் ஸ்பிளைசிங்குக்கு மாற்றிவிடுவோம். ஒருமுறை கழற்றியதைத் திரும்ப மாட்டுவதில்லை, ஜெல் குறைந்திருக்கும். டி.வி. லைனில் பச்சை நிற ஏபிசி (APC, எதிரொளிப்பைக் குறைக்க முனையைச் சாய்வாகப் பாலிஷ் செய்தது) வகையைத் தவிர வேறு எதையும் மாட்டுவதுமில்லை.

இப்போதைக்கு மெஷின் வாங்க முடியாதவர்கள் முதலில் ஃபைபரை நேராக வெட்டும் கருவியான கிளீவரை நல்லதாக வாங்குங்கள். கனெக்டருடன் இலவசமாக வரும் பிளாஸ்டிக் வெட்டியைத் தொடவே வேண்டாம். பின்னால் மெஷின் வாங்கும்போதும் அதே கிளீவர் உதவும்.