வீட்டுக்கு வரும் நோய்த் தணிப்புச் சேவை: இரண்டு நிறுவனங்களைப் பார்த்தவளின் மதிப்பீடு

அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய். கதிர்வீச்சு முடிந்து ஓராண்டுக்குள் கழுத்துக்குப் பரவிவிட்டது. "இனி நோயைக் குறைக்கச் சிகிச்சை இல்லை, நோய்த் தணிப்புச் சேவையில் பதிவு செய்துகொள்ளுங்கள்" என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள். நோயைக் குணப்படுத்த முயலாமல், வலியையும் வேதனையையும் குறைத்துப் பார்த்துக்கொள்வதுதான் இந்தச் சேவை. சென்னையில் ஓர் அறக்கட்டளை இலவசமாக நடத்தும் வீட்டுச் சேவையில் சேர்த்தோம். அரை ஆண்டுக்கும் மேலாக, அவர் இறக்கும்வரை, அந்தக் குழுதான் வந்தது. பிறகு மதுரையில் இருந்த அத்தைக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றியபோது, மாதக் கட்டணம் வாங்கும் வேறொரு நிறுவனத்தை அமர்த்தினோம். இரண்டு வீடுகளிலும் அருகிலிருந்து பார்த்தவள் நான். இப்படியொரு சேவையைத் தேடும் நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். வீட்டுக்கு வரும் குழு, நல்ல குழுவாகவே இருந்தாலும், வாரத்தில் ஒரு மணி நேரம் இருக்கும். நிலைமை மோசமானால் இரண்டு மூன்று முறை வரும். மீதி நேரமெல்லாம் நோயாளியுடன் இருப்பது மனைவியும் பிள்ளைகளும்தான். ஆகவே வந்தவர்கள் எவ்வளவு அன்பாகப் பேசினார்கள் என்பதைவிட, அவர்கள் போன பிறகு அந்த 167 மணி நேரத்தை நம்மால் சமாளிக்க முடிகிறதா என்பதை வைத்தே நான் தரத்தை எடை போடுகிறேன். அத்தைக்கு அமைந்த நிறுவனத்தின் ஆட்கள் மிகவும் கனிவானவர்கள். அவர்கள் கிளம்பிய பின் எங்கள் கையில் எதுவும் இருக்காது.

அப்பாவின் குழுவில் வந்த செவிலியர் கோழிக்கோட்டில் பயிற்சி பெற்றவர். கேரளத்தில் 1993இல் அங்கே தொடங்கிய நோய்த் தணிப்பு இயக்கம், ஊர் மக்களையே பராமரிப்பாளர்களாகப் பழக்கி வளர்ந்தது. அதன் முத்திரை இவருடைய வேலையில் தெரிந்தது. மூக்குக் குழாய் வழியே கஞ்சி கொடுப்பதை அவர் செய்து காட்டவில்லை. எங்களைச் செய்ய வைத்துப் பக்கத்தில் நின்றார். தலைமாட்டை உயர்த்துவது, கஞ்சியை வடிகட்டுவது, முடிந்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவது, அதன் பிறகு அரை மணி நேரமாவது படுக்க வைக்காமல் இருப்பது என்று ஒவ்வொன்றையும் அம்மா செய்தார், அவர் பார்த்தார். அடுத்த முறை வந்தபோது முதல் வேலையாக, "அம்மா, நீங்கள் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று காட்டுங்கள்" என்றார். சொல்லிக் கொடுத்ததைச் சரிபார்க்கும் பழக்கம் அத்தையின் வீட்டில் நான் பார்க்காதது.

கழுத்துப் புண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் இதை வெளியே பேசக் கூச்சப்படுகின்றன. புற்றுப் புண்ணிலிருந்து வரும் நாற்றம் ஒரு வீட்டையே முடக்கிவிடும். பேரப்பிள்ளைகள் அறைக்குள் வரத் தயங்கினார்கள்; அதை அப்பா கவனித்தார்; கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிக் கை காட்டினார். செவிலியர் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை மாவாகப் பொடித்துப் புண்ணின் மேல் தூவக் கற்றுக் கொடுத்தார். சில நாட்களில் நாற்றம் பெரும்பாலும் அடங்கியது. மலிவான மாத்திரை, கடையில் கிடைப்பது. பெரிய மருத்துவமனையில் அத்தனை மாதங்கள் அலைந்தோம். ஒருவரும் இதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் மறுபடி அவர் கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்தார்கள்.

அதே செவிலியர் ஒரு நாள் அம்மாவையும் என்னையும் சமையலறைக்கு அழைத்து, அடர் நிறத் துண்டுகள் நான்கைந்து வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். கழுத்தில் பெரிய ரத்தக் குழாயை ஒட்டிப் புண் இருக்கிறது, அது உடைந்தால் ரத்தம் வேகமாக வரும், அப்போது ஆம்புலன்ஸுக்கு நேரம் இருக்காது, துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருங்கள் என்றார். வெள்ளைத் துணியில் ரத்தத்தைப் பார்த்தால் நோயாளியும் வீட்டாரும் பதறுவார்கள் என்பதற்காகத்தான் அந்த நிறம். கேட்டபோது அம்மாவுக்குக் கால் நடுங்கியது. ஆனாலும் அன்றிலிருந்து அவருக்குப் பயம் குறைந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த விபரீதம் எங்களுக்கு நடக்கவில்லை. நடக்கக்கூடிய மிக மோசமானதை முன்கூட்டியே, நிதானமாக, செய்ய வேண்டிய வேலையோடு சேர்த்துச் சொல்லும் குழு கிடைத்தால் விடாதீர்கள்.

இனி மருந்து. எந்த நிறுவனத்திடமும் முதலில் கேட்க வேண்டியது, கடும் வலியை அடக்கும் 'மார்பின்' (morphine) மாத்திரை உங்களிடம் இருக்கிறதா, தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்குமா என்பதுதான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்பினை வாங்கவும் வைத்திருக்கவும் பல உரிமங்களைக் கேட்டது. வலியில் துடித்தவர்களுக்கு நாடெங்கும் அது எட்டாப் பொருளாயிற்று. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வாங்கி நோயாளிகளுக்குக் கொடுக்கலாம். நீங்கள் பார்க்கும் நிறுவனம் அந்த அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், நடு இரவில் வலி ஏறும்போது என்ன நடக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாத்திரை: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டிப்பு அளவு, நடு இரவில் எழுப்பாமல் தூங்க விடுவதற்காக. குழாய் வழியே கொடுப்பதால் பொடித்துக் கரைக்க வேண்டும். ஆனால் மெதுவாகக் கரையும் வகை மார்பினைப் பொடிக்கக் கூடாது, முழு அளவும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். இந்த வேறுபாட்டை மருத்துவர் சொன்னார், செவிலியர் சொன்னார், உறையின் மேலும் தமிழில் எழுதியிருந்தது. கூடவே மலமிளக்கி மாத்திரையும் முதல் நாளே வந்துவிட்டது. மார்பின் தரும் தூக்கக் கலக்கம் சில நாட்களில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. மலமிளக்கி இல்லாமல் மார்பின் சீட்டு எழுதுபவருக்கு இந்தத் துறை தெரியாது என்றே நான் எடுத்துக்கொள்வேன். "இதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாரே" என்று சித்தப்பா பயந்தார். மருத்துவர் அவரை உட்கார வைத்து, குறைந்த அளவில் தொடங்கி வலிக்குத் தகுந்தாற்போல் ஏற்றினால் மூச்சு நிற்காது என்று விளக்கினார். வலி அடங்கிய பிறகு அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்ததைப் பார்த்துத்தான் சித்தப்பா நம்பினார்.

அத்தைக்கு மார்பின் கிடைக்கவில்லை. தோலில் ஒட்டும் ஃபென்டனில் என்ற வலி மருந்துப் பட்டைதான் கொடுத்தார்கள். சிறுநீரகம் பழுதான சிலருக்கு அதுதான் ஏற்றது என்பது உண்மை. அத்தைக்கு அப்படி எந்தக் காரணமும் சொல்லப்படவில்லை, அவர்களிடம் இருந்தது அதுதான். பட்டை ஒட்டி அரை நாளாவது ஆன பிறகே வேலை செய்யத் தொடங்கும். இடையில் திடீரென ஏறும் வலிக்குச் சட்டென்று கேட்கும் மருந்து ஒன்று கையில் வேண்டும். அவர்கள் கொடுத்தது பாராசிட்டமால். இரவில் அழைத்தால் ஓர் அழைப்பு மையம் எடுத்தது. ஒவ்வொரு முறையும் பெயர், வயது, நோய் எல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டும், "காலையில் டாக்டர் பேசுவார்" என்ற பதில் வரும். அப்பாவின் குழுவில் இரவு எண்ணை எடுத்தவருக்கு அப்பாவின் கோப்பு தெரிந்திருந்தது; எந்த மாத்திரையை எத்தனை கூடுதலாகக் கொடுக்கலாம் என்று அங்கேயே சொன்னார். பதிவு செய்யும் முன் ஒரு நாள் இரவு அந்த எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள், எந்தக் கையேட்டையும்விட அது நிறையச் சொல்லிவிடும்.

உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்பதில் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது. அப்பாவுக்குத் தெரியவே கூடாது என்றான் தம்பி. மருத்துவர் அவனோடு வாதாடவில்லை. நேராக அப்பாவிடம் போய், "ஐயா, உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எதையெல்லாம் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். அப்பாவால் அப்போது பேச முடியாது. நோட்டில் எழுதினார்: "எல்லாம் தெரியும். பென்ஷன் காகிதங்களை முடிக்க எவ்வளவு நாள் இருக்கிறது?" ரயில்வேயில் வேலை பார்த்தவர், கணக்கு வழக்கில் கறார். அந்த வாரத்திலேயே குடும்ப ஓய்வூதியத்துக்கான விவரங்களைத் தம்பியை வைத்தே சரிசெய்து வைத்தார். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை, அதாவது மரணத்தருகே இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல் வலியோடு மனக்கவலை, குடும்பக் கவலை, ஆன்மக் கலக்கம் எல்லாம் சேர்ந்ததே முழு வலி என்றார். அந்தக் காகிதங்கள் முடிந்த பிறகு அப்பா குறைந்த மாத்திரையில் நன்றாகத் தூங்கியதைப் பார்த்தவள் என்பதால், இது என்னைப் பொறுத்தவரை வெறும் கோட்பாடு இல்லை.

கடைசி நாட்களில் உறவினர்கள் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி நெருக்கினார்கள். பட்டினி போடுகிறோம் என்ற சொல்லும் வந்தது. செவிலியர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துப் பேசினார். உடம்பு அடங்கும் நேரத்தில் பசி இருக்காது, ஏற்றும் நீர் கை கால்களில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் சேரக்கூடும், உதட்டையும் வாயையும் ஈரமாக வைத்திருப்பதே இப்போது செய்யக்கூடிய உதவி என்றார். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தபோது ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னார், தோலுக்கடியில் ஊசி மருந்து கொடுத்தார். அந்தச் சத்தம் நமக்குத்தான் கொடுமை, அவருக்கு அநேகமாகத் தெரியாது என்று அவர் சொன்னது அம்மாவுக்குப் பெரிய ஆறுதல். அப்பா வீட்டிலேயே போனார்.

அத்தைக்கு அது கிடைக்கவில்லை. மூச்சு மாறியதும் நிறுவனத்தை அழைத்தோம். 108ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். குழாய் எதுவும் வேண்டாம் என்று அத்தை எத்தனையோ முறை சொல்லியிருந்தார். எழுத்தில் இல்லை என்பதால் அவசரப் பிரிவு அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வென்டிலேட்டரில், எங்களில் யாரும் அருகில் இல்லாமல் இறந்தார். கோபம் இன்னும் அடங்கவில்லை. எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்பே எழுதி வைக்கும் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். மரணத்தருகே இருப்பவர்களைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் இதை முதல் மாதத்திலேயே பேசியிருக்க வேண்டும். அவர்களுடைய படிவத்தில் கட்டணத் தேதிக்கு இடம் இருந்தது, நோயாளி எங்கே இறக்க விரும்புகிறார் என்ற கேள்விக்கு இடம் இல்லை.

அப்பாவின் அறக்கட்டளையிலும் குறைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார்கள், தொலைபேசி மட்டும்தான். மருத்துவர் வருவது அரிது, பெரும்பாலும் செவிலியர்தான். குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை. காற்று மெத்தைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்தே படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டோம். உள்நோயாளிக் கட்டில்கள் மிகக் குறைவு.

ஒன்றை மட்டும் கட்டாயம் முன்பே கேட்டு வையுங்கள். வீட்டில் இறந்தால் இறப்புக்கான காரணச் சான்றிதழில் யார் கையெழுத்திடுவார்? கடைசி நோயில் பார்த்த மருத்துவர் 4ஏ படிவத்தில் கொடுப்பது அது. மயானத்திலும் கேட்பார்கள், 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்யவும் வேண்டும். எங்களுக்கு விடிவதற்குள் கையெழுத்து கிடைத்தது. பிறகு செவிலியர் வந்து மீதி மார்பினை எண்ணிப் பதிவேட்டில் எழுதித் திரும்ப எடுத்துப் போனார். ஒரு மாதம் கழித்து அம்மாவைப் பார்க்கவும் வந்தார், அவர் சாப்பிடுகிறாரா தூங்குகிறாரா என்று விசாரிக்க மட்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வரும் நோய்த் தணிப்புச் சேவை உண்டு. தனியார் நிறுவனத்துக்குப் பணம் கட்டும் முன் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள், மார்பின் எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்து. வீட்டில் பகலும் இரவும் மாறி மாறிப் பார்க்க இரண்டு பேராவது இருந்தால் வீட்டுச் சேவையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். தனியாக இருப்பவர்களுக்கும், வயதான துணை மட்டுமே உள்ளவர்களுக்கும் அது போதாது; அவர்களுக்குக் கட்டில் வசதியுள்ள ஹாஸ்பிஸ்தான் சரி. இடம் கிடைக்க நாளாகும் என்பதால், நோயாளி எழுந்து நடமாடும்போதே போய்ப் பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள்.