கேட்பவரின் பொறுப்பை நினைவூட்டும் கருவி: ஆர் மொழியின் ரீப்ரெக்ஸ்

ஆர் என்னும் நிரல்மொழியில் தரவுப் பகுப்பாய்வு செய்பவர்கள் உதவி கேட்டு எழுதும் பல கேள்விகள் பதில் இல்லாமலே கிடக்கின்றன. விடை தெரிந்தவர்கள் இல்லாததால் அப்படி நேர்வதில்லை. விடை சொல்வதற்குத் தேவையான எதுவும் கேள்வியில் இல்லாததால் நேர்கிறது. ‘நிரல் ஓடவில்லை, அவசரம், உதவுங்கள்’ என்ற ஒரு வரியையும், பிழைச் செய்தியின் பாதி மட்டும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொண்டு எவ்வளவு தேர்ந்தவராலும் ஊகிக்கத்தான் முடியும். ஊதியம் எதுவும் பெறாமல் தம் நேரத்தை ஒதுக்கி உதவ முன்வருபவரிடம், படத்தில் இருக்கும் நிரலை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து பார்க்கச் சொல்வது மரியாதைக் குறைவு என்றே நான் கருதுகிறேன். இந்த மரியாதையைக் கேட்பவரிடம் இயல்பாகவே வரவழைக்கும் கருவி என்பதால்தான் ரீப்ரெக்ஸ் தொகுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஜெனிஃபர் பிரையன் முன்னின்று உருவாக்கிய இலவசத் தொகுப்பு, அதாவது ஆர் மொழியுடன் கூடுதலாக நிறுவிக்கொள்ளும் நிரல்களின் திரட்டு, இது. சிக்கல் தரும் வரிகளை நகலெடுத்துக்கொண்டு ரீப்ரெக்ஸ் கட்டளையைக் கொடுத்தால், அது அவ்வரிகளைப் புத்தம் புதிய ஆர் அமர்வு ஒன்றில் ஓட்டி, நிரலையும் விளைவையும் பிழைச் செய்தியையும் வரிசை மாறாமல் கோத்து, நிரலாளர்கள் கூடும் தளங்களான கிட்ஹப்பிலோ ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலோ அப்படியே ஒட்டக்கூடிய வடிவில் கிளிப்போர்டில் வைத்துவிடுகிறது. விளைவு வரிகள் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் குறிப்புரைக் குறி இடப்படுவதால், படிப்பவர் முழுவதையும் நகலெடுத்துத் தம் கணினியில் ஓட்டினாலும் அவை குறுக்கே நிற்பதில்லை. ஆர் நிரல் எழுத உதவும் ஆர்ஸ்டுடியோ செயலியில் பணிபுரிபவர்கள் கட்டளையைத் தட்டச்சு செய்யாமல் ஆட்-இன் பட்டியலிலிருந்தும் இதை இயக்கலாம்.

அந்தப் புதிய அமர்வுதான் இக்கருவியின் உயிர். காலையிலிருந்து திறந்திருக்கும் அமர்வில் பழைய மாறிகளும், எப்போதோ ஏற்றிய தொகுப்புகளும் சேர்ந்து கிடக்கும். அவற்றில் எது சிக்கலுக்குக் காரணம் என்பது உரியவருக்கே தெரியாது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். அட்டவணைகளைக் கையாளும் டிப்ளையர் தொகுப்பை ஏற்றிய பிறகு, புள்ளியியலுக்கான மாஸ் தொகுப்பையும் ஏற்றிய ஒருவர், அட்டவணையில் சில நெடுவரிசைகளை மட்டும் எடுக்க செலக்ட் கட்டளையைக் கொடுக்கிறார். தரப்பட்ட உள்ளீட்டைப் பயன்படுத்த முடியவில்லை என்ற பொருளில் பிழைச் செய்தி வருகிறது. இரண்டு தொகுப்புகளிலுமே செலக்ட் என்ற பெயரில் ஒரு செயற்கூறு உண்டு. பின்னர் ஏற்றியது முன்னதை மறைத்துவிடும். உதவி கேட்டு எழுதும்போது தொகுப்புகளை ஏற்றிய வரிகளை அவர் விட்டுவிடுவார், ஏனெனில் தவறு அங்கே இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. ரீப்ரெக்ஸ் அதற்கு இடம் தருவதில்லை. ஏற்றும் வரிகள் இல்லையென்றால், செலக்ட் என்ற செயற்கூறே காணப்படவில்லை என்று புதிய அமர்வு சொல்லிவிடும். அவற்றைச் சேர்த்து மீண்டும் ஓட்டினால், மாஸ் ஏற்றப்பட்ட வரிக்குக் கீழேயே, டிப்ளையரின் செலக்ட் மறைக்கப்பட்டது என்ற அறிவிப்பும் விளைவில் பதிவாகிறது. உதவ வருபவருக்கு அந்த ஒரு வரி போதும். கேட்க முனைந்தவரே அதைக் கண்ணுற்று, டிப்ளையரின் செலக்ட்தான் வேண்டும் என்று நிரலில் வெளிப்படையாகக் குறித்து, கேள்வியை அனுப்பாமலே சிக்கலைத் தீர்த்துக்கொள்வதும் உண்டு.

இத்தனை இருந்தும், தரவைச் சுருக்கும் வேலையில் இக்கருவி உதவுவதில்லை. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட எக்செல் கோப்பிலிருந்து சிக்கலைக் காட்டப் போதுமான ஐந்தாறு வரிகளைப் பிரித்தெடுப்பது கேட்பவரின் பொறுப்பாகவே இருக்கிறது. எடுத்த வரிகளை நிரல் வடிவில் அச்சிட ஆர் மொழியிலேயே உள்ள டிபுட் செயற்கூறு பயன்படும். அதைவிடச் சிறந்த வழி, 32 கார்களைப் பற்றிய 11 நெடுவரிசைகள் கொண்ட எம்டிகார்ஸ் போல, ஆர் மொழியுடனேயே வரும் அட்டவணை ஒன்றில் அதே சிக்கலை உருவாக்கிக் காட்டுவது. அதே போல, தம் கணினியில் மட்டுமே இருக்கும் கோப்புறைக்கு மாறும் கட்டளையையும், பிறருடைய அமர்வில் உள்ள மாறிகளையெல்லாம் அழித்துவிடும் கட்டளையையும் நிரலின் தலைப்பில் வைக்கக் கூடாது. தொகுப்பின் கையேடு இவற்றையெல்லாம் தெளிவாகவே சொல்லியிருப்பதால், கருவியை நிறுவிய கையோடு அந்தப் பக்கத்தைப் படித்துவிட வேண்டும்.

எனக்கு உண்மையாகவே கவலை தரும் ஒரு குறையும் உண்டு. நிரலில் வரைபடம் இருந்தால், கருவி அதைத் தானாகவே படங்களைப் பகிரும் இம்கர் தளத்தில் ஏற்றி, அதன் இணைப்பைக் கேள்வியில் சேர்க்கிறது. எம்டிகார்ஸ் வரைபடத்துக்கு இது பெரிய வசதி. நோயாளிகளின் விவரங்களையோ மாணவர்களின் மதிப்பெண்களையோ கொண்டு வரைந்த படத்துக்கு இது ஆபத்து. கேள்வியை எங்கும் ஒட்டாமல் விட்டாலும் படம் ஏற்கெனவே வெளியே போயிருக்கும். ஏற்றுவதை நிறுத்தும் வழி இருந்தாலும், முன்கூட்டியே அனுமதி கேட்பதுதான் இயல்பமைவாக இருந்திருக்க வேண்டும்.

தமிழ்த் தரவுடன் வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022இல் வெளியான 4.2.0 பதிப்புக்கு முந்தைய ஆர், விண்டோஸில் தமிழ் எழுத்துகளைப் பல இடங்களில் யூனிகோடு எண்களாகவே அச்சிட்டது. அந்தப் பதிப்பு முதல்தான் புதிய விண்டோஸ் 10, 11 கணினிகளில் எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கவல்ல யுடிஎஃப்-8 குறியாக்கம் இயல்பானது. ஆகவே தமிழ் நெடுவரிசைத் தலைப்புகள் சிதைகின்றன என்று கேட்பவர்கள், ரீப்ரெக்ஸின் அமர்வு விவரம் சேர்க்கும் தெரிவைத் தவறாமல் இயக்க வேண்டும். ஆர் பதிப்பு, இயங்குதளம், மொழி அமைப்பு, ஏற்றிய தொகுப்புகளின் பதிப்பெண்கள் ஆகிய அனைத்தும் கேள்வியின் அடியில் வந்துவிடும், ‘எந்தப் பதிப்பு?’ என்று ஒருவர் கேட்டு, மறுநாள் பதில் வந்து, அதன் பிறகே பேச்சு தொடங்கும் நிலை தவிர்க்கப்படும்.

லினக்ஸில் கிளிப்போர்டு வேலை செய்ய எக்ஸ்கிளிப் (xclip) அல்லது எக்ஸ்செல் (xsel) என்ற சிறு நிரல் தனியாக வேண்டும். பல தொகுப்புகளை ஒருசேர நிறுவும் டைடிவெர்ஸ் தொகுப்பை நிறுவியிருப்பவர்களின் கணினியில் ரீப்ரெக்ஸ் ஏற்கெனவே இருக்கும்; ஆனால் டைடிவெர்ஸை ஏற்றும்போது அது உடன் ஏறாது என்பதால், அதன் பெயரைச் சொல்லித் தனியே அழைக்க வேண்டும்.