பின்னி மில் கதைக்குச் சதங்கையா, கானாவா, வில்லா?

வியாசர்பாடியில் மாலை வகுப்பு எடுக்கும் நாங்கள் மூன்று பேர் ஒரே பாடத்தை மூன்று விதமாக நடத்திப் பார்த்தோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். பாடம், பெரம்பூர் பின்னி மில்லில் 1921-இல் நடந்த வேலைநிறுத்தம்.

முதலில் பரதநாட்டியம். ஆடத் தெரிந்த ஐந்து பெண்கள் ஆடினார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தறியைக் கையில் காட்டலாம், பசியை முகத்தில் காட்டலாம். கூலி போதாது என்பதை எந்த முத்திரையில் காட்டுவது? அதைப் பின்னால் பாடும் பாட்டுதான் சொன்னது. சரி, அப்போது பாட்டுதானே பாடம் நடத்துகிறது? நாட்டியத்தில் நடத்த வேண்டிய வரலாறு நாட்டியத்தின் வரலாறேதான். பரதநாட்டியத்துக்கு முந்தைய சதிர் ஆட்டத்தை ஆடிய பெண்கள் யார், 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் ஏன் வந்தது என்று ஆடிக் காட்டினால் நானே முதல் வரிசையில் உட்காருவேன்.

கானாவை இந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. டோலக் இல்லையா, பெஞ்சு இருக்கிறது. ஒத்திகைக்காக எம்டன் கதையைக் கொடுத்தோம். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் கப்பல் துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டது, எண்ணெய் டேங்க் பற்றி எரிந்தது, ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். பத்து நிமிஷத்தில் பாட்டு தயார். வீட்டில் பாட்டி 'சரியான எம்டன்' என்று திட்டுவது இதிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் ஒரே கூச்சல். அந்தத் தேதியை இனி யாரும் மறக்கப்போவதில்லை.

ஆனால் 1921 அப்படிப்பட்ட கதை இல்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைநிறுத்தத்தில் சேராமல் மில்லுக்குப் போனார்கள். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம், அவர்கள் இன்னொரு பக்கம் என்று ஆனது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். கானாவோ சாவு வீட்டில் வளர்ந்த பாட்டு. போனவரை உயர்த்திப் பாடித்தான் அதற்குப் பழக்கம். யார் பக்கம் என்பது முதல் அடியிலேயே முடிவாகிவிடும். எங்கள் பையன்களும் மில்லுக்குப் போனவர்களை 'துரோகி' என்று எழுதினார்கள். தாளம் அருமையாக உட்கார்ந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்: "எங்க கொள்ளுத்தாத்தாவும்தான் போனாரு. அவரு துரோகியாண்ணா?" அன்றைக்குப் பாட்டு அதோடு நின்றது.

வில்லுப்பாட்டு இங்கே வெளியூர் விருந்தாளி. நெல்லை, குமரிப் பக்கத்துக் கலை. குடம் கிடைத்தது, உடுக்கை கிடைத்தது, வில்லுக்குத்தான் அலைந்தோம். முதல் வாரம் 'தந்தனத்தோம்' என்றாலே சிரிப்பு. என்.எஸ்.கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் பாடியவர் என்று சொன்னோம், அதற்கும் சிரித்தார்கள்.

ஆனால் வில்லில் பக்கத்தில் உட்கார்ந்து 'ஆமா' போட ஒரு ஆள் உண்டு. அவர் குறுக்கே கேட்கலாம், சந்தேகப்படலாம், வம்புக்கும் இழுக்கலாம். மற்ற இரண்டிலும் இதற்கு இடமே இல்லை.

"1918 ஏப்ரல் 27, தொழிலாளர் சங்கம் பொறந்துச்சு!"
"ஆமா, எங்க பொறந்துச்சு?"

மில்லுக்குப் பக்கத்தில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்ற பக்தி சபையில் கூடிய தொழிலாளர்களிடமிருந்து தொடங்கியது, தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் வந்து சேர்ந்தார்கள் என்று பாட்டு போகும். 1921 வந்ததும் அதே ஆள் மடக்குவான்:

"மில்லுக்குப் போனவங்க தப்பு செஞ்சாங்களாண்ணே?"
"ஒத்துமையா நிக்கலியே!"
"அதுக்கு முன்னால அவங்களை யாராவது பந்திக்குக் கூப்பிட்டாங்களா?"

இந்தக் கேள்வியை எழுதியது நாங்கள் இல்லை. கடைசி பெஞ்சுப் பையன்தான் 'ஆமா' போட உட்கார்ந்திருந்தான்.

தேதியும் சம்பவமும் மனதில் நிற்க கானாவை அடிக்க ஆளில்லை. இரண்டு பக்கம் உள்ள சண்டைக்கு என் ஓட்டு வில்லுக்கு. ஆண்டு விழாவுக்கு நாட்டியம் இருக்கட்டும், பெற்றோருக்கும் ஆசை இருக்கும்.

அப்புறம், கானா குழு தன் பாட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறது. 'துரோகி'க்குப் பதில் என்ன வார்த்தை என்று இன்னும் முடிவாகவில்லை. சந்தத்துக்கு மூன்றெழுத்துதான் வேண்டுமாம்.