ரெய்டு 0 தடுமாறும்போது: ஃபைல் காப்பியா, டிஸ்க் க்ளோனா, லேபா?

பல டிஸ்க்குகளை ஒரே டிஸ்க் போலச் சேர்த்த ரெய்டு 0 செட்டில் ஒரு டிஸ்க் தடுமாற ஆரம்பித்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: உயிர் இருக்கும்போதே ஃபைல்களை இழுத்து வேறு டிஸ்க்கில் போட்டுவிடலாம். ரெய்டு 1 அல்லது 5 என்றால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும். இங்கே தாங்க ஆளில்லை. டேட்டா 64 கேபி, 128 கேபி என்று துண்டு துண்டாக, மாறி மாறி எல்லா டிஸ்க்கிலும் கிடக்கிறது. இரண்டு டிஸ்க், 64 கேபி துண்டு என்று வைத்துக்கொண்டால், 6 எம்பி போட்டோ ஒன்று 96 துண்டு; அதில் 48 சாகப்போகிற டிஸ்க்கில். ஒரே துண்டுக்குள் அடங்கிவிட்ட குட்டி ஃபைல்களைத் தவிர எதற்கும் இரண்டு டிஸ்க்கும் வேண்டும்.

அதனால் என் கட்சி இது: முதலில் டிஸ்க்குகளைத் தனித்தனியாகக் காப்பாற்றுங்கள், அரேயை, அதாவது சேர்ந்த செட்டை, அப்புறம் கட்டிக்கொள்ளலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு, வருகிறேன்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்களாகக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். 199-ஆம் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. கேபிளை மாற்றினாலே கதை முடிந்துவிடலாம். 5, 197, 198 ஏறினால் டேட்டா பதிந்திருக்கும் தட்டிலேயே பழுது. 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மேலே படிப்பதை நிறுத்திவிட்டுக் கடைசிப் பகுதிக்குப் போங்கள். டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கன்ட்ரோலர் சில நேரம் இந்த எண்களை மறைத்துவிடும். அப்போது டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் தனியாக மாட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். விண்டோஸ் உடனே "டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யட்டுமா" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழற்றும் முன் எது எந்த போர்ட்டில் இருந்தது என்று டிஸ்க்கின் மேலேயே எழுதிவிடுவது நல்லது.

சரி, ஃபைல் காப்பி. இதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு மோசமான செக்டாரை (தட்டின் சிறு பகுதியை) பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் முட்டிப் பார்க்கும். ரெய்டுக்கென்று செய்த டிஸ்க்குகள் சுமார் 7 நொடியில் கைவிட்டுவிடும். டெஸ்க்டாப் டிஸ்க் பதில் சொல்லாமல் நின்றதும் கன்ட்ரோலர் அதைச் செத்ததாக எண்ணி வெளியே தள்ளும். அரே மொத்தமும் காணாமல் போகும். நீங்கள் ரீஸ்டார்ட் செய்வீர்கள், டிஸ்க் திரும்பச் சுழல ஆரம்பிக்கும். தட்டைப் படிக்கும் ஹெட் பலவீனமாக இருந்தால் அதற்கு அந்த ஒவ்வொரு தொடக்கமும் ஆபத்து. போதாததற்கு ஃபைல் ஃபைலாக எடுக்கும்போது ஹெட் தட்டு முழுக்க அலையும். மவுன்ட் ஆன, அதாவது கணினி திறந்து வைத்திருக்கும் அரேயில் ஆன்டிவைரஸும் தேடல் இண்டெக்ஸும் வேறு தம் வேலையைக் காட்டும்.

விதிவிலக்கு இதுதான்: மொத்தம் 8 டிபி இருந்தாலும் உண்மையில் உங்களுக்கு வேண்டியது ஒரு 15 ஜிபி ஃபோல்டர், டிஸ்க்கும் இன்னும் தடங்கலில்லாமல் படிக்கிறது என்றால், ரீட்-ஒன்லியாக (எதுவும் எழுதாமல், படிக்க மட்டும்) மவுன்ட் செய்து அதை மட்டும் முதலில் எடுங்கள். அந்த 15 ஜிபிக்காக 8 டிபியையும் க்ளோன் செய்து முடிக்கும் வரை காத்திருப்பது வீம்பு. முதல் தடங்கல் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

ஃபைல்களைப் பார்க்காமல் டிஸ்க்கை அப்படியே முழுசாக நகலெடுக்கும் டிஸ்க் க்ளோன்தான் இந்த விஷயத்தின் நடுநாயகம். இலவசக் கருவி குனு டிடிரெஸ்க்யூ போதும். பெயர் ஏறத்தாழ இதே மாதிரி இன்னொரு நிரலும் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். இது முதல் சுற்றில் சண்டை போடாது. நன்றாகப் படிக்கிற பகுதியை அள்ளிக்கொண்டு, பிழை வந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். எது படித்தது, எது விட்டுப்போனது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் ஃபைலை மட்டும் சாகிற டிஸ்க்கில் வைத்துவிடாதீர்கள். விட்டுப்போன ஓரங்களைச் சுரண்டுவது, திரும்ப முயல்வது, பின்னாலிருந்து முன்னால் படிப்பது எல்லாம் அடுத்த சுற்றுகளுக்கு. முதல் சுற்றிலேயே சுரண்டச் சொல்லிவிட்டு, மறுபாதி படிக்கும் முன் டிஸ்க்கைச் சாகவிடுவது அடிக்கடி நடக்கும் கொடுமை.

நல்ல 4 டிபி டிஸ்க் சராசரியாக நொடிக்கு 150 எம்பி கொடுத்தால் ஏழரை மணி நேரம். கெட்டது நாள்கணக்கில் இழுக்கும். முடிந்தால் நேராக சாட்டா போர்ட்டில் மாட்டுங்கள். மோசமான செக்டார் வந்தால் சில யுஎஸ்பி அடாப்டர்கள் மொத்தமாகத் தொங்கிவிடும். கெட்ட டிஸ்க்கை முதலில் எடுங்கள், அதற்குத்தான் நேரம் குறைவு. இடம் பற்றாக்குறை என்றால் நல்ல டிஸ்க்கைக் க்ளோன் செய்யாமல் ரீட்-ஒன்லியாக அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே நாளில் வாங்கி ஒரே மாதிரி ஓடியவை என்றால் நான் அந்த நல்ல டிஸ்க்கையும் நம்பமாட்டேன்.

இமேஜ்கள் (டிஸ்க்குகளின் முழு நகல்கள்) கையில் வந்ததும் அவசரம் தீர்ந்தது. லினக்ஸ் அரே என்றால் லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஏடிஎம் ரீட்-ஒன்லியாகச் சேர்த்துவிடும். இன்டெல் மதர்போர்டு ரெய்டையும் அது பெரும்பாலும் அடையாளம் காணும். புதிதாக அரே உருவாக்கும் கட்டளை பக்கம் மட்டும் போகாதீர்கள், அது அரேயின் அமைப்பைக் குறித்துவைத்திருக்கும் மெட்டாடேட்டாவை மேலெழுதிவிடும். மெட்டாடேட்டா அழிந்திருந்தால் ஆர்-ஸ்டூடியோ, யுஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் போன்றவற்றில் டிஸ்க் வரிசையையும் துண்டு அளவையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஃபோல்டர் பெயர்கள் தெரிந்துவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டாம். பல எம்பி உள்ள ஒரு ஜேபெக்கைத் திறங்கள். மேலே ஒரு பட்டை சரியாக வந்து, கீழே சாம்பல் நிறமோ கலர் கோடுகளோ வந்தால் வரிசையோ அளவோ தப்பு. அப்படிச் சில பெரிய படங்களாவது முழுசாகத் திறந்தால்தான் நம்பலாம்.

கடைசி வரை படிக்காத செக்டார்கள் சில இருக்கும். டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் முறையில், இமேஜில் அந்த இடங்களை மட்டும் ஏதாவது ஒரு அடையாள வாக்கியத்தால் நிரப்பலாம். அப்புறம் மீட்ட ஃபைல்களில் அந்த வாக்கியத்தைத் தேடினால் எந்த ஃபைல்கள் அடிபட்டன என்று பட்டியலே கிடைத்துவிடும். ஃபைல் காப்பியில் இந்த வசதி கனவிலும் கிடையாது.

மீட்பு மென்பொருளை நேரடியாகக் கெட்ட டிஸ்க் மேலேயே ஓட்டுவது? மென்பொருளில் குறையில்லை, ஓட்டும் இடம்தான் தப்பு. மணிக்கணக்கில் ஸ்கேன் ஓடும், முடிவில் காப்பி எடுக்கத் திரும்பவும் அதே டிஸ்க்கைப் படிக்க வேண்டும். விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவி செக்டிஸ்க் அதைவிட மோசம்: கெட்ட டிஸ்க் மேல் எழுதும், படிக்க முடியாத இடத்தை முன்னிட்டு ஃபைல் பதிவுகளையே வெட்டிப்போடும். ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஈரம் உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

மிச்சம் டேட்டா மீட்பு லேப். சத்தம், சுழலாமை, டிஸ்க்கையே கணினி அடையாளம் காணாமை என்றால் வேறு வழியில்லை. ஹெட் மாற்ற அதே மாடலில் இன்னொரு டிஸ்க்கும் தூசியில்லாத அறையும் வேண்டும். சர்க்யூட் போர்டை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவீடுகள் போர்டின் ரோம் சிப்பில் பதிந்திருக்கும், அந்தச் சிப்பையும் மாற்றாமல் வேலை செய்யாது. லேபின் வேலை ஒரு டிஸ்க்கைப் படிக்கவைத்து இமேஜ் எடுப்பது. அதன்பின் நடப்பது மேலே சொன்ன அதே ஒட்டுவேலைதான். அதனால் கெட்டதை மட்டும் அனுப்பினால் இமேஜைத் தவிர எதுவும் திரும்பி வராது. செட்டையே அவர்கள் மீட்க வேண்டும் என்றால் நல்ல டிஸ்க்கையோ அதன் இமேஜையோ சேர்த்துக் கொடுங்கள். போர்ட் வரிசை, கன்ட்ரோலர் மாடல், தெரிந்தால் துண்டு அளவு இவற்றையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.