முழங்கை முந்தும் ஸ்னாட்ச்: ஹேங்கா, புல்லா?

பளுதூக்குதலில், எடை பூட்டிய இரும்புத் தண்டான பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் உயர்த்துவது ஸ்னாட்ச். அதைப் பழகுபவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை, பார் இடுப்பை எட்டுவதற்கு முன்பே முழங்கை மடங்கிவிடுவதாகும். கால்கள் தரையை உதைத்து எழுப்பிய விசை மடங்கிய கையில் தளர்ந்துவிடுவதால், பார் உடலை விட்டு விலகி முன்னே வளைகிறது; தூக்குபவரும் அதைத் துரத்தி முன்னால் குதிக்கிறார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மீராபாய் சானு, முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் என இரு கட்டமாகத் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 115 கிலோவும் ஸ்னாட்சில் 87 கிலோவும் தூக்கினார். தலைக்கு மேல் 115 கிலோவைத் தாங்கிய கைகளுக்கு 87 கிலோ பெரிய சுமையல்ல. ஒரே வீச்சில் அந்த உயரத்தை எட்ட வைக்கும் வேகமும் பாதையும்தான் பெரிதும் எல்லை வகுக்கின்றன.

இப்பிழைக்குப் பயிற்சியாளர்கள் இரண்டு மருந்து சொல்வார்கள். ஒன்று, முழங்காலுக்குச் சற்று மேலிருந்து தொடங்கும் ஹேங் ஸ்னாட்ச். தூரம் குறைவு என்பதால் கவனம் முழுவதும் இடுப்பு நிமிரும் தருணத்தில் நிற்கிறது. ஆனால் எடை மிகக் குறைந்தால் இது ஏமாற்றும்: 20 கிலோ வெறும் பாரைத் தோள் வலுவுள்ளவர் கையாலேயே இழுத்துவிடுவார், பார்ப்பதற்கும் அழகாகவே இருக்கும். தம் அதிகபட்ச ஸ்னாட்ச் எடையில் 60 முதல் 70 சதவீதம் வைத்தால்தான் பிழை தன் முகத்தைக் காட்டும்.

மற்றொன்று ஸ்னாட்ச் புல். 90 சதவீதத்துக்கு மேல் எடை ஏற்றி, முழங்காலருகே இரண்டு விநாடி நிறுத்தி, கைகளை நீட்டியபடியே தோளை உயர்த்தி முடிப்பது; பார் தலைக்கு மேல் போகாது. அந்த எடையைக் கையால் ஏமாற்றுவது கடினம். பாரின் கீழே புக வேண்டிய அவசரம் இல்லாததால், உச்சியில் பின்னால் சாய்ந்து தாமதிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பதே இதன் குறை. எடையை அளவுக்கு மீறி ஏற்றினால் இது, எடையை வேகமின்றி இடுப்பு வரை மட்டும் தூக்கும் வெறும் டெட்லிஃப்டாகிவிடும்.

எது வேண்டும் என்பதைப் பிழை பிறக்கும் இடமே தீர்மானிக்கிறது. பக்கவாட்டில் கைபேசியை வைத்து, ஒரே எடையில் ஹேங்கிலும் தரையிலிருந்தும் மூன்று மூன்று முறை தூக்கிப் பாருங்கள். ஹேங்கில் முழங்கை நேராக நின்று, தரையிலிருந்து மட்டும் மடங்கினால், தொடக்கத்திலேயே பாரைப் பறித்திழுக்கிறீர்கள். அதற்கு ஹேங் எத்தனை செய்தாலும் பயனில்லை, நிறுத்தத்துடன் கூடிய புல்தான் வழி. இரண்டிலும் மடங்கினால் ஹேங். (கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் அடக்கும் ஹூக் பிடி இல்லாமல் பாரை நெரிப்பதாலும் முழங்கை மடங்கும், முதலில் அதைச் சரிபாருங்கள்.)

என் தேர்வு, பெரும்பாலானோருக்குப் புல்தான். ஆனால் தனியாக அல்ல. 70 சதவீத எடையில் இரண்டு புல் முடித்த கையோடு ஒரு முழு ஸ்னாட்ச் தூக்க வேண்டும். கால்விரல்களுக்கு முன்னால் சாக்பீஸ் கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பாதம் அதைத் தாண்டி இறங்கினால் அந்த லிஃப்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.