2-3-1 ஆ, 3-2-1 ஆ? செவன்ஸ் ஆடும் பயல்களை எப்படி நிறுத்துவது

குமரி மாவட்டத்தில் தூத்தூரிலிருந்து மணக்குடி வரை எந்தக் கடற்கரை ஊரில் சாயங்காலம் இறங்கினாலும் குருசடிக்கு, அதாவது சிலுவை வைத்த சின்னக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு திடல் இருக்கும், அதில் ஒரு பந்து உருண்டுகொண்டிருக்கும். ஈரவிபுத்தன்துறைக்காரரான மைக்கேல் சூசைராஜ் 2019-இல் இந்தியக் கால்பந்து அணிக்கே ஆடினார். ஆட ஆளுக்குப் பஞ்சமில்லை, இடத்துக்குத்தான் பஞ்சம். பல திடல்களில் பதினொரு பேர் நின்றால் ஒருவர் காலை ஒருவர் மிதிக்க வேண்டியதுதான். அதனால் செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. கோலியை, அதாவது கோல்கீப்பரை விட்டால் ஆறு பேர். அந்த ஆறு பேரை எப்படி நிறுத்துவது என்பதில் எங்கள் ஊரில் இரண்டு கட்சி உண்டு.

பெரியவர்கள் கட்சி 3-2-1. பின்னால் தடுக்க மூன்று பேக், நடுவில் இரண்டு பேர், முன்னால் ஒருவன். பத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பயல்களைப் பழக்க ஆரம்பித்த முதல் வருடம் நானும் அப்படித்தான் ஆடவைத்தேன். இப்போது 2-3-1. பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஒருவன். தாளில் பார்த்தால் ஒரே ஒரு ஆள் இடம் மாறியிருக்கிறான். திடலில் அது வேறு ஆட்டம்.

முதலில் 3-2-1 இன் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த பயல்களுக்கு இது சட்டென்று புரியும். இடது பேக், நடு பேக், வலது பேக் என்று சொன்னால் போய் நின்றுவிடுவார்கள். ஒருவன் ஏமாந்தாலும் பக்கத்தில் இன்னொருவன் இருப்பான். பத்து கோல் வாங்கித் தலைகுனிந்து வரும் நிலைமை வராது. நம் பக்கத்து டோர்னமெண்டுகளில் பலவற்றில் ஆஃப்சைடு, அதாவது தடுப்பாட்களைத் தாண்டி முன்கூட்டியே போய் நிற்கக் கூடாது என்ற விதி, பார்ப்பதில்லை. எதிரணிக்காரன் நம் கோலி பக்கத்திலேயே கூடாரம் போட்டு நிற்பான். அவனைப் பிடிக்க ஒருவனை ஒதுக்கினாலும் மீதி இரண்டு பேக் இருக்கிறார்கள். 2-3-1 இல் அந்தச் சொகுசு கிடையாது, மீதம் ஒரே ஒருவன்.

சரி, பிறகு ஏன் மாற்றினேன்? அந்த வருடம் எங்கள் அணியில் ஒரு பயல் வலது பேக் ஆடினான். நல்ல கால். ஒருநாள் அவன் தங்கையிடம் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைக் கொடுத்து, அண்ணன் பந்தைத் தொடும்போதெல்லாம் ஒன்றைச் சிரட்டையில் போடச் சொன்னேன். ஆட்டம் முடிந்து சிரட்டையைப் பார்த்தால் ஏழே ஏழு கொட்டை. அதில் மூன்று, பந்தை வெளியே உதைத்துத் தள்ளியது. இரண்டு பாதியும் ஆடி, நான்கு முறைதான் பந்தோடு ஏதாவது யோசித்திருக்கிறான். மீதி நேரமெல்லாம் இடுப்பில் கைவைத்து நடுக்கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது, “பின்னாலேயே நில்லு மக்கா” என்று வரப்பில் நின்று கத்தியவன் நான்தான்.

3-2-1 இன் கோளாறு இதுதான். இரண்டு ஓர பேக்குகளும் பந்து நம்மிடம் இருக்கும்போது விங் போல, அதாவது ஓரமாக ஏறித் தாக்குகிறவர்களைப் போல வந்தால் அருமையான அமைப்பு. பெரியவர்கள் ஆடும்போது ஏறுவார்கள். பதினொரு வயதுப் பயல் ஏறமாட்டான், ஏறினால் திரும்பமாட்டான், ஒருமுறை திரும்பாமல் கோல் விழுந்தால் அப்புறம் ஏறவே மாட்டான். ஆக, தாக்கப் போவது மூன்று பேர், பின்னாலேயே நிற்பது மூன்று பேர். முன்னால் நிற்கும் பயலுக்குப் பந்து வரும்போது பக்கத்தில் ஆளில்லை. அவன் பறிகொடுக்கிறான், பந்து திரும்பி வருகிறது, பேக் மறுபடி தூக்கி அடிக்கிறான். கரையில் நின்று கரைமடி வலை இழுக்கிற மாதிரி ஆட்டம் முழுக்க நம் பக்கமே வந்துகொண்டிருக்கும்.

2-3-1 இல் பந்து வைத்திருப்பவனுக்கு எப்போதும் கண்முன் இரண்டு பேர் தெரிவார்கள். நான் மணலில் கிளிஞ்சலை வைத்துத்தான் காட்டுவேன். கோலி ஒரு கிளிஞ்சல், இரண்டு ஓரமும் இரண்டு பேக், நேரே நடு ஆள். சாய்சதுரம் கிடைத்துவிடும். அதற்கு மேலே நடு ஆள், இரண்டு விங், முன்னால் நிற்பவன் என்று இன்னொன்று. இரண்டுக்கும் பொதுவாக நிற்பவன் நடு ஆள். இந்த அமைப்பு நிற்பதும் விழுவதும் அவனால்தான். ஓடுகிறவனை அங்கே போடாதீர்கள், பந்து வருமுன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிற பழக்கம் உள்ளவனைப் போடுங்கள். இல்லாவிட்டால் பழக்குங்கள். நான் பாஸ் கொடுக்கும்போது அவனுக்குப் பின்னால் ஒருவன் விரல் காட்டுவான். பந்தைத் தொடுமுன் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். பயல்களுக்கு இது விளையாட்டு.

குறை இல்லாமல் இல்லை. விங் இரண்டும் இறங்கி வராவிட்டால் பின்னால் வாசல் திறந்துகிடக்கும். மாற்றிய பிறகு முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்றோம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற அண்ணன்மார், மாமன்மார் எல்லாரும் கரையில்தான் இருப்பார்கள். திடலைச் சுற்றி நாற்பது கோச். “பின்னால ஒரு ஆள போடுடே” என்று நாற்பது பேரும் சொன்னார்கள். தடைக்காலத்தில் புது அமைப்பைத் தொடங்காதீர்கள் என்பதே என் அனுபவம்.

அதே மாதங்களில்தான் காற்றும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கடலைப் பார்த்து உதைக்கிற பாதியில் பலரும் பயந்து 3-2-1 க்குப் போவார்கள். எனக்கு அது தலைகீழான புத்தியாகத் தெரிகிறது. எதிர்க்காற்றில் பேக் தூக்கி அடிக்கும் பந்து நடுக்கோடு தாண்டாது, சில நேரம் அடித்தவன் தலைக்கே திரும்பும். தூக்கி அடிப்பதையே நம்பிய அமைப்பு, தூக்கி அடிக்க முடியாத பாதியில் எதற்கு? தரையில் போகும் பந்துக்குக் காற்று பெரிய தொல்லை இல்லை. எதிர்க்காற்றில் 2-3-1 வைத்துச் சின்னச் சின்னப் பாஸாக ஏறுங்கள். காற்று முதுகில் இருக்கும் பாதியில் வேண்டுமானால் மூன்று பேக் வைத்து நீளமாக அடித்துக்கொள்ளலாம்.

கோலி கையிலிருந்து ஆட்டம் தொடங்குவதும் இதோடு சேர்ந்த சங்கதி. அமெரிக்காவில் ஏழு பேர் ஆடும் பிள்ளைகளுக்கு ஒரு கோடு உண்டு. கோலி கையில் பந்து இருக்கும்போது எதிரணி அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும், பேக்குக்கு நிதானமாகப் பாஸ் கொடுக்கப் பழகட்டும் என்று. இங்கே அப்படி எதுவும் பார்ப்பதில்லை. பயிற்சியிலாவது இரண்டு செருப்பை வைத்து அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். 3-2-1 இல் இது கஷ்டம். நடு பேக் கோலிக்கு நேர் எதிரே நிற்பான், அவனிடம் பறிபோனால் பந்து வலையில்தான்.

மணலா, கட்டாந்தரையா என்ற சண்டையில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. மணலில் காலுக்கு வலு ஏறும், விழுந்தால் அடிபடாது. ஆனால் பந்து உருளாது. பீச் சாக்கர் ஐந்து பேர் வெறுங்காலோடு பன்னிரண்டு நிமிடம் வீதம் மூன்று பகுதியாக ஆடும் தனி ஆட்டம், அங்கே பந்தைத் தூக்கித்தான் ஆட வேண்டும். வாரத்தில் ஒருநாள் மணல் போதும். மணவாளக்குறிச்சிப் பக்கம் கருமணல் என்றால் வெயில் தாழ்ந்த பிறகு இறக்குங்கள், பாதம் வெந்துவிடும்.

பந்தில் மட்டும் சமரசம் வேண்டாம். இந்த வயதுக்கு நான்காம் நம்பர், சுற்றளவு 63.5 முதல் 66 செ.மீ. பெரியவர்கள் ஆடித் தேய்ந்த ஐந்தாம் நம்பரைக் கொடுத்துவிட்டு “பாஸ் போகலியே” என்று திட்டுவது நியாயமில்லை.

வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருவனாக ஷூட் அடிக்கவிடுவதைவிட, மூன்று பேருக்கு எதிராக மூன்று பேரை, கோலுக்கு நான்கு கல் வைத்து ஆடவிடுவது எவ்வளவோ மேல். இதில் ஒப்பிடவே ஒன்றுமில்லை.

3-2-1 ஐ நான் முழுக்க விட்டுவிடவும் இல்லை. ஒரு கோல் முன்னால் இருக்கிறோம், ஆஃப்சைடு கிடையாது, கடைசி ஐந்து நிமிடம் என்றால் மாறுவேன். அப்போது பலரும் நடு ஆளை இறக்கி மூன்றாவது பேக் ஆக்குகிறார்கள். பந்தைக் காலில் வைத்திருக்கத் தெரிந்த ஒரே ஆளைப் பின்னால் கட்டிப்போடுவது அது. விங்கில் யார் மூச்சு வாங்குகிறானோ அவனை இறக்குங்கள். எங்கள் அணியில் பெரும்பாலும் அந்தப் புளியங்கொட்டைப் பயல்தான். இப்போது வலது விங். இறங்கச் சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொண்டு, “ஒரே ஒரு தடவ ஏறிட்டு வாரேன் அண்ணே” என்பான்.