பென்னாகரத்து மண்பாதைக்கு எந்த வண்டி? ஹிமாலயன் 450-ஐயும் 390 எண்டியூரோ ஆர்-ஐயும் ஓட்டிப் பார்த்தபின்

பெங்களூர் அல்சூரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து பென்னாகரத்துக்கு அருகிலுள்ள எங்கள் நிலத்துக்கு ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல் வழியாகப் போனால் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வரும். அதில் கடைசி நான்கு கிலோமீட்டர் மண்பாதை. அந்த மண்பாதையின் நடுவே ஓர் ஓடை. மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தப் பயணம் உண்டு. பதினொரு ஆண்டுகள் உழைத்த 150 சிசி வண்டியைக் கைமாற்றிவிட்டுப் பெரிய வண்டி ஒன்று வாங்கலாம் என்று முடிவெடுத்தபோது, நெடுந்தூரப் பயணத்துக்கென்று செய்த அட்வென்ச்சர் வண்டியை எடுப்பதா, கரடுமுரடான தரைக்கென்றே செய்த எண்டியூரோ வகை வண்டியை எடுப்பதா என்ற கேள்வியில் மூன்று மாதம் சிக்கிக் கிடந்தேன். கடைசியில் 2025 புரட்டாசியில் நண்பர் ஒருவரின் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ஐ ஒரு வாரமும், வாடகைக்கு எடுத்த கேடிஎம் 390 எண்டியூரோ ஆர்-ஐ ஒரு வாரமும், இதே பாதையில் ஓட்டிப் பார்த்தேன்.

மற்ற நாடுகளில் இந்தக் கேள்வி எழும்போது ஒரு பக்கம் பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் போன்ற 237 கிலோ யானைகள் நிற்கும். நம் சம்பளத்துக்கும் நம் சாலைகளுக்கும் அதே கேள்வி 400 சிசி அளவில்தான் பொருந்துகிறது. இந்த இரண்டும் ஒரே சிலிண்டர் கொண்ட, நீரால் குளிரூட்டப்படும் எஞ்சின்கள். ஹிமாலயனுக்கு 452 சிசி, 40 பிஎஸ் திறன், 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எண்டியூரோவுக்கு 399 சிசி, 46 பிஎஸ், 39 நியூட்டன் மீட்டர். இரண்டுக்கும் முன்சக்கரம் 21 அங்குலம். பின்சக்கரம் ஹிமாலயனுக்கு 17, எண்டியூரோவுக்கு 18. சஸ்பென்ஷன் இயக்கத்திலும், அதாவது மேடுபள்ளத்தில் சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரத்திலும், பெரிய வேறுபாடு இல்லை: ஹிமாலயனில் முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர், எண்டியூரோ 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது முன்னால் 200, பின்னால் 205. வெளிநாட்டில் இதே வண்டிக்கு 230 கொடுக்கிறார்கள் என்பதை அறிந்தபோது எனக்குச் சற்று மனத்தாங்கல்தான்.

காகிதத்தில் எல்லோரும் முதலில் பார்ப்பது எடை. ஹிமாலயன் 196 கிலோ, எண்டியூரோ 177 கிலோ. இடைவெளி 19 கிலோ. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஹிமாலயனின் டேங்க் 17 லிட்டர், எண்டியூரோவின் டேங்க் 9 லிட்டர். பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறத்தாழ முக்கால் கிலோ என்பதால், அந்த இடைவெளியில் ஐந்தாறு கிலோ வெறும் பெட்ரோல்தான். ஹிமாலயனில் பாதி டேங்க் மட்டும் நிரப்பினால் மிச்சமிருக்கும் வேறுபாடு ஓர் அரிசிச் சிப்பத்துக்கும் குறைவு. அப்படியிருந்தும், ஓடைக்கு வந்து சேர்ந்தால், எண்டியூரோ முற்றிலும் வேறொரு பிராணியாகத் தெரிகிறது. அதற்குக் காரணம் எடை இருக்கும் இடம். ஹிமாலயனில் பெட்ரோலும் கண்ணாடியும் முன்புறச் சட்டமும் மேலேயும் முன்னேயும் குவிந்திருக்கின்றன; எண்டியூரோவில் முழங்காலுக்கிடையே கிட்டத்தட்ட எதுவுமே இல்லை.

நகரத்துக்குள் எண்டியூரோவை ஓட்டுவது பரம சுகம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில்க் போர்டு சந்திப்பில் காலை ஒன்பது மணிக்கு நிற்பவர்களுக்குத் தெரியும், ஒல்லியான வண்டிக்கும் அகலமான வண்டிக்கும் உள்ள வித்தியாசம் பத்து நிமிடம். மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடிய பள்ளங்கள், திடீரென முளைக்கும் வேகத்தடைகள், மழைக்குப் பிறகு எட்டிப் பார்க்கும் ஜல்லி இவற்றையெல்லாம் எண்டியூரோ கவனித்ததாகவே காட்டிக்கொள்வதில்லை. ஆனால் இருக்கை உயரம் 860 மில்லிமீட்டர். என் உயரம் ஐந்தடி ஆறங்குலம். சிக்னலில் ஒரு காலின் நுனி மட்டுமே தரையைத் தொடும். சாலை அந்தப் பக்கம் சரிந்திருந்தால் அதுவும் இல்லை. 825 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்த ஹிமாலயனில் இரு பாதங்களின் முன்பகுதியும் நன்றாக ஊன்றின. என் மனைவி எண்டியூரோவின் பின்னிருக்கையில் ஒரே ஒரு முறைதான் ஏறினார். கால்மிதியில் ஏறி, என் தோளைப் பிடித்து, சுவர் ஏறிக் குதிப்பதுபோலத் தாண்டி உட்கார்ந்தவர், ஃபிரேசர் டவுன் வரை போய்த் திரும்பியதும், ‘ஊருக்கு நான் பஸ்ஸிலேயே வந்துடறேங்க’ என்று சொல்லிவிட்டு இறங்கினார். இந்தத் தீர்ப்பின் மேல் முறையீடு இல்லை.

அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூர் நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் நிலைமை தலைகீழாகிறது. எண்டியூரோவில் முன்கண்ணாடி கிடையாது. மணிக்கு 90 கிலோமீட்டரைக் கடந்ததும் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளத் தொடங்குகிறது. அரைமணி நேரத்தில் கழுத்தும் தோளும் கல்லாகிவிடுகின்றன. இருக்கை ஒரு பலகை. ஹிமாலயனின் சிறிய கண்ணாடி காற்றை மார்புக்கு மேல் திருப்பிவிடுவதால், அதே வேகத்தில் தேன்கனிக்கோட்டை வரை போய் இறங்கினாலும் முதுகை நெளித்துக்கொள்ளத் தோன்றவில்லை. பெங்களூரிலிருந்து மைசூர் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாமல் போகலாம். அந்த விரைவுச் சாலையின் பிரதான தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் சாலையில்தான் ஊர்ந்தாக வேண்டும்.

பெட்ரோல் கணக்கு எளிமையானது. என் ஓட்டத்தில் ஹிமாலயன் லிட்டருக்கு 29 கிலோமீட்டரும் எண்டியூரோ 27 கிலோமீட்டரும் கொடுத்தன. ஊருக்குப் போய்த் திரும்ப 300 கிலோமீட்டர். 9 லிட்டரில் அது நடக்காது. 17 லிட்டரில் போய்வந்த பிறகும் ஒரு வாரம் அலுவலகம் போகலாம். பென்னாகரத்தில் பங்க் இருக்கிறது என்பதால் இது தலைபோகிற பிரச்சினை இல்லைதான். ஆனாலும் அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் வரை காட்டுக்குள் இறங்கும் சாலையில், யானை கடக்கும் இடம் என்று வனத்துறை பலகை வைத்திருக்கும் வளைவுகளில், மீட்டரில் ஒற்றைக் கோடு மினுங்கிக்கொண்டிருப்பது நிம்மதியான காட்சி இல்லை.

இந்தச் சாலையில்தான் எண்டியூரோவின் பின்சக்கரத்தில் ஆணி ஏறியது. காற்று இறங்கிய வண்டியை அஞ்செட்டி வரை உருட்டிக்கொண்டு போனேன். பஞ்சர் கடைத் தம்பி டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘ட்யூப் டயரா அண்ணே? அப்ப வீலக் கழட்டணும், நேரமாகும், டீ சாப்ட்டு வாங்க’ என்றார். அச்சாணியை உருவி, செயினை இறக்கி, கடப்பாரை போன்ற இரண்டு லீவர்களால் டயரை விளிம்பிலிருந்து நெம்பி, ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ட்யூப்லெஸ் டயராக இருந்திருந்தால், சக்கரம் வண்டியில் இருக்கும்போதே ரப்பர் திரியைச் செருகிப் பத்து நிமிடத்தில் கிளம்பியிருக்கலாம். ஹிமாலயனின் தொடக்க வகைகளும் ட்யூப் வைத்தவைதான். ஆனால் ஆரக்கால் சக்கரத்திலேயே ட்யூப்லெஸ் வசதி அதற்கு வந்துவிட்டது. கூடுதல் பணம் கேட்டாலும் அதைத்தான் எடுக்க வேண்டும் என்பது அந்த டீக்கடையில் உட்கார்ந்து நான் எடுத்த முடிவு.

இனி மண்பாதை. முதல் இரண்டு கிலோமீட்டர் செம்மண். காய்ந்திருந்தால் எந்த வண்டியும் போகும். அதன்பின் டிராக்டர் சக்கரங்கள் கிழித்த இரண்டு வாய்க்கால்கள், நடுவில் புல் முளைத்த மேடு. ஓடையில் முழங்காலளவு பள்ளம், உருண்டைக் கற்கள், அக்கரையில் செங்குத்தான ஏற்றம். ஹிமாலயனில் நின்றுகொண்டு ஓட்டும்போது கால்மிதியும் ஹேண்டில்பாரும் சரியான இடத்தில் இருக்கின்றன. பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸைப் பின்சக்கரத்தில் அணைத்துவிட்டால் இறக்கத்தில் அச்சமில்லை. ஆனால் வாய்க்காலின் விளிம்பில் முன்சக்கரம் வழுக்கினால், வண்டியின் முழுப் பாரமும் அந்தப் பக்கம் சாய்வதை உடம்பால் திருத்த முடியவில்லை. புரட்டாசி மழை முந்தின இரவே பெய்திருந்தது. ஏற்றத்தின் பாதியில் வேகம் குறைந்து, இடதுபுறம் மெதுவாக, மிக மரியாதையாக, வண்டி படுத்தது. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறுகையால் பின்சட்டத்தையும் பிடித்துக் காலால் பின்னோக்கி உந்தும் முறை தெரிந்திருந்தும், சேற்றில் குதிகால் நிற்காததால் மூன்றாவது முயற்சியில், அதுவும் பக்கத்து நிலத்துப் பெரியவர் கைகொடுத்தபின்தான், நிமிர்த்தினேன். ‘எதுக்குப்பா இவ்வளவு பெரிய வண்டி?’ என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அடுத்த வாரம் அதே ஏற்றத்தில் எண்டியூரோ இரண்டு முறை விழுந்தது. இரண்டு முறையும் நானே தூக்கினேன், இரண்டாம் முறை மூச்சுக்கூட வாங்கவில்லை. மூன்றாம் முறை விழாமல் ஏறினேன். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே 253 மில்லிமீட்டர் இடைவெளி (கிரவுண்ட் கிளியரன்ஸ்) இருப்பதால் ஓடைக் கற்கள் அடிவயிற்றை உரசவில்லை. பின்சக்கரம் வழுக்கினாலும் வண்டி என் இடுப்புக்குக் கட்டுப்பட்டுத் திரும்பியது. அந்த நான்கு கிலோமீட்டரில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை எந்த அட்டவணையிலும் போட முடியாது. வாடகைக் கடைக்காரர் ஹேண்டில்பாரின் கைக்காப்பில் விழுந்த கீறலுக்கு முன்பணத்தில் நான் நினைத்ததைவிட இருமடங்கு பிடித்துக்கொண்டார் என்பது வேறு கதை. வாடகைக்கு எடுப்பவர்கள் கிளம்புமுன் நான்கு பக்கமும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் இருப்பவருக்கு மண் எங்கே கிடைக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சுற்றியுள்ள குன்றுகளில் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. அனுமதியின்றி உள்ளே வண்டி ஓட்டுவது குற்றம். மிச்சமிருப்பது யாரோ ஒருவரின் நிலம், அல்லது காசு கொடுத்துப் போகும் பயிற்சிக் களம். பாலைவனங்களைக் கடக்கும் நெடுந்தூரப் பந்தயமான டக்கார் ராலியை 2015இல் முடித்து, அதை முடித்த முதல் இந்தியர் என்ற பெயர் பெற்ற சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய களம் கோலார் பக்கம் இருக்கிறது. அத்தகைய இடத்தில் வாரந்தோறும் புரள நினைக்கும் இளைஞருக்கு, பின்னிருக்கையில் உட்கார ஆள் இல்லாத வரை, எண்டியூரோவைத் தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன்.

விலையில் நீண்ட யோசனைக்கு இடமில்லை. எண்டியூரோ அறிமுக விலை 3.37 லட்சம், 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 2.69 லட்சத்தில் தொடங்கியது, பிறகு ஏறியது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி-க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆகிவிட்டதால் இரண்டுமே அந்த வலையில் விழுகின்றன. 18 சதவீதத்தில் நிற்க விரும்புகிறவர்கள் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210-ஐ ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். கர்நாடகச் சாலை வரி இதற்கு மேல் 18 சதவீதம், செஸ் தனி. தமிழ்நாட்டில் வரி குறைவு என்பதால் ஓசூரில் பதிவு செய்துவிடலாம் என்று யோசனை சொல்லும் மாமாக்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு. ஆனால் வண்டி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் மறுபதிவு கட்டாயம், இங்குள்ள வரியையும் கட்டியாக வேண்டும். நான் இந்திராநகர் ஆர்டிஓ-விலேயே பதிவு செய்துகொண்டேன்.

வாங்கியது ஹிமாலயன், ட்யூப்லெஸ் சக்கரத்தோடு. 150 கிலோமீட்டரில் 146 தார்ச்சாலை, அதில் பாதியில் மனைவி பின்னால் இருப்பார், இரண்டு பக்கமும் பை தொங்கும், திரும்பும்போது அரைமூட்டை ராகியும் ஏறும். இதற்கெல்லாம் அது முகம் சுளிப்பதில்லை. ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் மட்டும் இக்கரைப் புளியமரத்தடியில் அதை நிறுத்திப் பூட்டிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போகிறேன்.